எட்டாதது ரெண்டு

மே 8

இது சொந்தக் கதை எழுதுவதற்கான டைரி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்வெல் ரிக் லாரிகளுக்குக் கடன் கொடுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனி ஜனவரியில் கொடுத்தது. நாலு மாதமாக அரிசி டப்பாவுக்கு மூடியாகக் கிடந்தது. ஒவ்வொரு வருடமும் கவுன்சிலிங் சீசன் முடிந்த கையோடு எந்த மார்க்குக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது என்பதை மறந்து தொலைக்கிறேன். இந்த வருடம் எழுதி வைத்தால் அடுத்த வருடத்துக்கு உதவும். அவ்வளவுதான்.

முதல் பக்கத்தில் விவரம் கேட்கிறது. சாந்தாமணி, நெட் சென்டர், பேருந்து நிலையத்துக்குப் பின்னால், திருச்செங்கோடு. ஜெராக்ஸ், பட்டா, பான் கார்டு, ரயில் டிக்கெட், என்ஜினியரிங் கவுன்சிலிங். ரத்த வகை தெரியாது.

இன்று பிளஸ் டூ ரிசல்ட். காலையிலிருந்து கடையில் ஒரே கூட்டம். ஊர்ப் பிள்ளைகளின் மார்க்கையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசியாக என் பெண் சுபிக்ஷாவுடையதைப் பார்த்தேன். கணக்கில் தொண்ணூற்று நாலு, பிசிக்ஸில் தொண்ணூற்று ஒன்று, கெமிஸ்ட்ரியில் தொண்ணூறு. கணக்கு முழுசாக, மற்ற இரண்டும் பாதிப் பாதியாக, இருநூற்றுக்கு எவ்வளவு என்று பார்ப்பதுதான் கட்-ஆஃப். நூற்றி எண்பத்து நாலரை. அவள் கால்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

நல்ல மார்க். சந்தோஷம். டோனர் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்க வேண்டும்.

மே 9

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். அவர் பெயர் அர்த்தநாரி. போர்வெல் ரிக் ஓட்டுகிறார். இந்த மாதம் ராய்ப்பூர் பக்கம் எங்கோ பாறையைக் குடைந்துகொண்டிருக்கிறார். மெஷின் சத்தத்தில் நூற்றி எண்பத்து நாலரை என்பது அவர் காதில் நூற்றி எண்பது அடி என்று விழுந்து, தண்ணி வந்துருச்சா என்று கேட்டார். வருடத்தில் ஒன்பது மாதம் இப்படித்தான் எங்கள் குடும்பம் நடக்கிறது.

மே 13

அடுத்த வருடத்துக்காக என் தொழில் முறையை எழுதி வைக்கிறேன். கவுன்சிலிங்கில் கல்லூரிகளை விருப்பப்படி வரிசையாக அடுக்கித் தர வேண்டும். வரிசையில் மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, நம் மார்க்குக்கு முதலில் எது வாய்க்கிறதோ அதைக் கொடுத்துவிடுவார்கள். எந்தப் பிள்ளை வந்தாலும் நான் அடுக்குவது ஒரே மாதிரிதான். எட்டாதது ரெண்டு, எட்டுவது நாலு, மடியில் விழுவது ரெண்டு.

எட்டாதது எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். போட்டுப் பார்ப்போம், காசா பணமா என்பேன். சில வருடம் மேலே இருப்பவர்கள் மெடிக்கல், ஐஐடி என்று கிளம்பிப் போய்விடுவார்கள். இடம் இறங்கி வரும். போன வருடம் வையப்பமலைப் பையன் ஒருவனுக்கு அப்படித்தான் எட்டாததே கிடைத்தது. அவன் அம்மா ஒரு தார் பூவன் பழம் கொண்டு வந்து இறக்கினாள். நாங்கள் இரண்டே பேர், தின்று தீர்க்க முடியாமல் தெருவுக்கே கொடுத்தோம்.

மே 20

சுபிக்கு மைனிங் படிக்க வேண்டுமாம். சுரங்கம். பூமிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கிற படிப்பு. அரிசிம்பருப்பு சாதத்துக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்தேன், கை அப்படியே நின்றுவிட்டது. அவள் தட்டில் மட்டும் நெய் குளமாகிவிட்டது.

எல்லாம் அவருடைய வேலைதான். எந்த ஊரில் துளை போட்டாலும் வெளியே வரும் பொடியை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து மகளுக்கு அனுப்புவார். முதலில் செம்மண், அப்புறம் சாம்பல் நிறம், அப்புறம் கறுப்பு. இவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, அப்பா இன்னும் அம்பது அடி போனால் பாறை மாறும் என்பாள். மாறுமாம். மற்ற வீடுகளில் அப்பாவும் மகளும் சினிமா பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

நான் நம்பிப் பரிந்துரைக்கிற மைனிங் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. சென்னையில். போன வருடம் அங்கே கட்-ஆஃப் நூற்றி எண்பத்து ஐந்துக்கு மேல் முடிந்தது. அதனால் எட்டாது. விஷயம் முடிந்தது.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் டைனிங் என்று விழுந்திருக்கிறது. நல்ல படிப்புதான், நம்மூரில் கல்யாண மண்டபத்துக்குக் குறைவா என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் 2

கூட்டம். பதிவு செய்ய, சான்றிதழ் ஏற்ற, போட்டோ சின்னதாக்க. மதியச் சாப்பாடு நாலு மணிக்கு.

சங்ககிரிப் பெண் ஒருத்தி, கட்-ஆஃப் நூற்றி அறுபத்து எட்டு, சென்னையைத் தவிர வேறெங்கும் போக மாட்டேன் என்று அடம். அவள் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். பொம்பளைப் பிள்ளையை எத்தனை நாள்தான் கைக்குள்ளேயே வைத்திருப்பீர்கள், சென்னை என்ன சீமையா, ராத்திரி ஏறினால் விடியக் காலை இறங்கிவிடலாம் என்று அவருக்கு அரை மணி நேரம் எடுத்துச் சொன்னேன். கடைசியில் சரியென்றார். மனிதர்கள் புரிந்துகொள்ள நேரமாகிறது.

ஜூன் 11

எட்டு கிலோமீட்டரில் ஒரு கல்லூரி இருக்கிறது. நல்ல கல்லூரி, சிவில் நன்றாக நடத்துகிறார்கள். அதன் பஸ் எங்கள் தெருமுனையிலேயே நிற்கிறது. பால் வாங்கப் போனபோது டிரைவரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். சாயங்காலம் ஐந்துக்குள் கொண்டு வந்து விட்டுவிடுவாராம். மழை நாளில் வீட்டு வாசலிலேயே நிறுத்துவாராம். முன்னால் இரண்டாவது சீட் காலியாகத்தான் வருமாம்.

சிவிலும் மண்ணைத் தோண்டுகிற படிப்புதானே. சுபியிடம் சொன்னேன். அஸ்திவாரத்துக்கும் சுரங்கத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது என்றாள். ஆழத்தில் கொஞ்சம் வித்தியாசம், அவ்வளவுதான் என்றேன்.

ஜூன் 12

சந்தவைக்கு மாவு பிழியும்போது கை சுளுக்கிக்கொண்டது. மௌஸைப் பிடிக்க முடியவில்லை. சுபிதான் கடையைப் பார்த்துக்கொண்டாள். அவள் இருப்பது எவ்வளவு வசதி.

ஜூன் 27

ரேங்க் பட்டியல் வந்துவிட்டது. சுபி இருபதாயிரத்துச் சொச்சம். இந்த வருடம் கணக்குப் பேப்பர் கஷ்டமாம், அதனால் எல்லாருக்கும் மார்க் குறைவு. அதே நூற்றி எண்பத்து நாலரைக்குப் போன வருடத்தைவிட நல்ல ரேங்க் வந்திருக்கிறது. கட்-ஆஃப் எல்லாக் கல்லூரியிலும் இறங்கும். ஒன்று, ஒன்றரை இறங்கலாம். வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லி, ஒரு படி மேலேயே பாருங்கள், பயப்படாதீர்கள் என்று தைரியம் கொடுத்து அனுப்புகிறேன்.

சுபியும் கேட்டாள், நமக்கும் இறங்கும்தானே என்று. பொதுவாக இறங்கும், மைனிங் ஒரு தனி மாதிரி, அங்கே அப்படிச் சொல்லிவிட முடியாது என்றேன். தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் இந்த நுணுக்கமெல்லாம் தெரியும்.

ஜூலை 6

அவர் வந்துவிட்டார். வடக்கே மழை பிடித்துவிட்டால் ரிக்கெல்லாம் ஊருக்குத் திரும்பிவிடும். கறுத்து, இளைத்து, தாடியோடு வந்து வாசலில் நிற்கிறார். பாப்பாத்தியக்கா யாரோ சாமியார் என்று நினைத்து அரிசி கொண்டு வந்துவிட்டாள்.

எனக்கு ஒரு சேலை. சுபிக்கு ஒரு பை நிறையக் கல். இரண்டு பேரும் கூடத்தில் பேப்பரை விரித்து, கல்லைப் பரப்பி, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் கூடத் திரும்பவில்லை. ஜன்னல் விளிம்பு முழுக்க இப்போது கல்தான். பல்லி உட்கார இடமில்லை.

படுக்கப் போகும்போது கேட்டார், அவள் கேட்கிற படிப்புக்கு வாய்ப்பு உண்டா என்று.

"எட்டாதுங்க" என்றேன்.

"நீ சொன்னாச் செரியாத்தான் இருக்கும். ஊருக்கே பாத்துச் சொல்றவ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். அவர் பாட்டுக்குக் குறட்டை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மத்தியானம் டீ அதிகம் குடித்துவிட்டேன்.

ஜூலை 14

கல்லூரிகளை வரிசைப்படுத்தித் தருவது இன்று தொடங்கியது. கூட்டம் தாங்காது என்று அட்டையில் எண் எழுதி டோக்கன் கொடுத்துவிட்டேன். ஒன்பது, பத்து முடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டால், டோக்கனை நீட்டிக்கொண்டு எதிர் நாற்காலியில் வந்து உட்காருவது சுபி. எப்போது வந்து வரிசையில் நின்றாளோ தெரியாது. வீட்டுக்குப் போ, குக்கர் வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றேன். மார்க் சீட்டை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

"அக்கா, எனக்கு எட்டாதது ரெண்டு எதைப் போடலாமுங்?"

அக்கா என்கிறாள். பெற்ற தாயை. கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். உனக்கு எட்டுவதே நாலு நன்றாக இருக்கிறது, அதற்கு மேல் எதற்கு ஆசை காட்டி மனதைக் கெடுத்துக்கொள்வது என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. பின்னால் நின்ற மல்லசமுத்திரத்துக்காரர், நல்ல மனிதர்தான், ஆனால் சும்மா இருக்கத் தெரியாதவர், என் பையனுக்கு நூற்றி அறுபதுக்கே நேற்று தாளில் ரெண்டு எழுதிக் கொடுத்தீர்களே, பாப்பாவுக்கும் போடுங்கள், காசா பணமா என்றார்.

அந்த நேரம் பார்த்து சர்வர் டவுன் ஆகிவிட்டது. சுபியிடம் அப்படியே சொல்லி, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டேன்.

அதற்கு அடுத்து மல்லசமுத்திரத்துப் பையனுக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முடித்து அனுப்பினேன். அதன்பிறகு இன்னும் ஆறு பேர்.

ஜூலை 15

இன்றும் சர்வர் சரியில்லை.

ஜூலை 16

இன்று கடைசி நாள். சுபி என்னைக் கேட்கவில்லை. வீட்டில் அவள் அப்பாவோடு உட்கார்ந்து, போனிலேயே எல்லாவற்றையும் அடுக்கிவிட்டாள். ஆனால் வரிசையை இனி மாற்ற முடியாதபடி பூட்டுவதற்கு ஓடிபி வேண்டும். அது என் நம்பருக்குத்தான் வரும். இரண்டு பேரும் கடைக்கு வந்து நின்றார்கள்.

வரிசையைக் காட்டினாள். முதலில் சென்னை, மைனிங். அதற்குக் கீழே எட்டு கிலோமீட்டர் சிவில், அப்புறம் மற்றவை. எட்டாதது ரெண்டு கேட்டவள் ஒன்றுதான் போட்டிருந்தாள். எனக்காக ஒன்றைக் குறைத்துக்கொண்டாளாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஓடிபி வந்தது. படித்துச் சொன்னேன். தவறு என்று வந்துவிட்டது. இன்னொரு தடவை வந்தது, அதிலும் ஒரு எண் மாறிவிட்டது. வெயில், கண் கூசுகிறது, எழுத்தும் பொடி எழுத்து. கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று அவர் கவலைப்பட்டார். சுபி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் போனைக் கொடுக்கவில்லை. மூன்றாவது தடவை சரியாகச் சொன்னேன். பூட்டியாகிவிட்டது.

போட்டால் போடட்டும். எட்டாததுதானே.

ஜூலை 18

தற்காலிக ஒதுக்கீடு வந்துவிட்டது. எட்டு கிலோமீட்டர். சிவில். நான் என்ன சொன்னேன்?

கடைக்கு லீவு விட்டுக் கேசரி கிளறினேன். முந்திரியை அள்ளிப் போட்டேன். பாப்பாத்தியக்காவுக்கு ஒரு கிண்ணம், தெருமுனையில் பஸ் டிரைவருக்கு ஒரு கிண்ணம். அவர், பொண்ணைத் தன் பெண் மாதிரிப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அப்படி ஒரு நிம்மதி.

சுபியும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். அவர் மட்டும் அவ்வளவாகச் சாப்பிடவில்லை. சர்க்கரையைக் குறைக்கிறாராம். இருபது வருடத்தில் முதல் தடவையாக.

ஜூலை 19

காலையில் ஜன்னலைத் துடைக்கப் போனேன். விளிம்பில் ஒரு கல் இல்லை. எல்லாவற்றையும் பையில் போட்டு வாயைக் கட்டி, பரணில் பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளியிருக்கிறாள். கோபமாகச் செய்த மாதிரி இல்லை. தூசி தட்டி, ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றி, ஒழுங்காகத்தான் கட்டி வைத்திருக்கிறாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மத்தியானம் சுபி கடைக்கு வந்தாள். ஒதுக்கீடு வந்த பிறகு பதில் சொல்ல வேண்டும். கிடைத்ததே போதும், சேருகிறேன் என்று சொல்லலாம். அல்லது, இதை வைத்துக்கொள்கிறேன், மேலே ஏதாவது காலியானால் அதைக் கொடுங்கள் என்றும் சொல்லலாம். அதை அப்வேர்ட் என்பார்கள். கடைக்கு வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு நான் அப்வேர்டுதான் போடச் சொல்வேன். இருப்பது கைவிட்டுப் போகாது, வந்தால் லாபம்.

சுபி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, என்னைக் கேட்காமலே, போதும் என்பதில் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். கடையில் வேறு யாரும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கேட்டது, நான் வேண்டிக்கொண்டது, எல்லாம் அந்த ஒரு அழுத்தில் நடந்துவிடும். இந்தத் தடவை ஓடிபி-யைத் தப்பாகச் சொல்லக்கூடத் தேவையில்லை.

"ஏம்மா அப்புடிப் பாக்கறீங்க? பக்கத்துலயே கெடைச்சிருச்சு. மழை விட்டா அப்பாவும் போயிருவாரு. நீங்க ஒத்தையில என்ன பண்ணுவீங்க?"

அவள் இதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான், இரண்டு மாதமாக நான் இந்தப் பக்கங்களில் எழுதாமல் விட்டது எது என்று எனக்கே கேட்டது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மே மாதத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் டோக்கன் வாங்கி வரிசையில் நின்றிருக்கிறாள். அம்மாவைக் கேட்டால் அம்மாவின் பதில்தான் வரும், கடைக்காரியைக் கேட்டாலாவது சரியான பதில் வருமா என்று.

நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். கண்ணாடியை மாட்டினேன். மார்க் சீட்டைக் கேட்டு வாங்கி, முன்பின் தெரியாத பிள்ளையுடையதைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

"நூத்தி எம்பத்து நாலரை. கேக்கறது மைனிங். இந்த வருசம் எல்லா எடத்துலயும் ஒண்ணு, ஒண்ணரை எறங்குது. மேல இருக்கறவங்கள்ல பாதிப் பேரு கம்ப்யூட்டர் கெடைச்சா அந்தப் பக்கம் தாவிருவாங்க. அப்வேர்ட் போடோணும். நூத்துக்கு எழுவது கெடைக்கும்."

சுபி அப்படியே என்னைப் பார்த்தாள்.

"பொறகு ஏம்மா எட்டாதுன்னு சொன்னீங்க?"

"உனக்கு எட்டாதுன்னு சொல்லல கண்ணு. எனக்கு."

ஜெராக்ஸ் எடுக்க ஒருவர் வந்தார், ஆதார் கார்டு, முன்னும் பின்னும். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சுபி அழுதிருந்தாள். நான் அழவில்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் அந்த ஆதார்க்காரர் போகும்போது, என்னங்க்கா, ஏதாச்சும் துக்கமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்வேர்ட் என்பதை நான்தான் அழுத்தினேன். அவள் கை மௌஸில் இருந்தது, அதன் மேல் என் கை. ஓடிபி-யை ஒரே மூச்சில் சரியாகச் சொன்னேன்.

எழுதியே விடுகிறேன். மே எட்டாம் தேதியே எனக்குத் தெரியும். அந்த மார்க்கை வேறு எந்தப் பெண் கொண்டு வந்திருந்தாலும் தாராளமாகப் போடு என்றிருப்பேன். ஒன்பது மாதம் ஒரு மனுஷி தனியாக இருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இருந்து பார்த்ததில்லை. கல்யாணமான மறுவருடமே இவள் வந்துவிட்டாள். அதுதான் பயம். வேறொன்றும் இல்லை.

ஜூலை 20

பரணில் இருந்த பையை இறக்கி, கல்லையெல்லாம் நானே ஜன்னலில் அடுக்கினேன். வரிசை மாறிவிட்டதாம். சத்தீஸ்கருக்கும் ராஜஸ்தானுக்கும் வித்தியாசம் தெரியாத அம்மா என்று அப்பாவும் மகளும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

ஜூலை 22

மூன்று நாளாக நெட் சரியில்லாத ஆட்களைப் போலக் கம்ப்யூட்டரை ரெஃப்ரெஷ் பண்ணிக்கொண்டே இருக்கிறேன். வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேனா, வேண்டாம் என்று நினைத்துப் பார்க்கிறேனா? இரண்டையும் சேர்த்தே நினைக்க முடிகிறது.

காஸ் சிலிண்டர் வந்தது.

ஜூலை 24

கிடைத்துவிட்டது.

காலையில் நான்தான் முதலில் பார்த்தேன். சென்னை, மைனிங். கடையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஷட்டரைக்கூட இறக்காமல் வீட்டுக்கு ஓடினேன். செருப்பு ஒன்று வழியில் கழன்றுவிட்டது. சுபி கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்னம்மா ஆச்சு என்று பதறினாள். சொன்னேன். சோப்பு நுரையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். என் பெண் ஜெயித்துவிட்டாள் என்று நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை.

அவர் கொல்லைப் பக்கம் போய் ரிக்கில் கூட வேலை செய்பவர்கள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். என் பொண்ணு நம்ம எல்லாரையும்விட ஆழமாப் போகப் போறா என்று அவர் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது.

கடைக்குத் திரும்பினால் அந்த ஏழு பேரும் அப்படியே இருந்தார்கள். ஒருவர் மற்றவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 30

பெட்டி, பக்கெட், பூட்டு, போர்வை. பருப்புப் பொடி இரண்டு கிலோ. இரண்டு கிலோ எதற்கு என்று கேட்டாள். சுரங்கத்தில் எல்லாரும் சாப்பிடட்டும் என்றேன். முதல் வருடம் சுரங்கமே கிடையாதாம், வகுப்பறைதானாம். அதை முன்னாலேயே சொல்லியிருந்தால் இரண்டு மாதம் நானாவது ஒழுங்காகத் தூங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 4

இன்று ரயில் டிக்கெட் போட்டேன். ஈரோட்டிலிருந்து சென்னை. ஊருக்கெல்லாம் போட்டுக் கொடுக்கிறேன், இதுவரை ஒரு பெயர் தப்பிப் போனதில்லை.

போவதற்கு மூன்று பேர். அர்த்தநாரி, சாந்தாமணி, சுபிக்ஷா. சரியாகப் போட்டேன். திரும்பி வருவதற்கு மறுநாள் இரவு வண்டி. அதற்கும் மூன்று பெயரை அடித்து, அவளுக்குப் பிடிக்கும் என்று மேல் படுக்கை கேட்டு, பணம் கட்டும் பக்கம்வரை போய்விட்டேன். சுபி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். குனிந்து, என் தோள் மேல் முகவாயை வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, அதுல என்ற பேரை எடுங்க."

எடுத்தேன். ஒரு பெயரை எடுப்பதற்கு ஒரு அழுத்துதான். மூன்றாவது வரி போய், இரண்டு வரிதான் மிச்சம். அவள் முகவாயை எடுக்கவில்லை, நானும் அசையவில்லை. அப்புறம் பணம் கட்டினேன்.

திரும்பி வருவதற்கு இரண்டு டிக்கெட். கன்ஃபர்ம் ஆகிவிட்டது.